வெறும் அறையின் சத்தம்

ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது, மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டும் என்று ஒலிப்பதிவுக்காரர் அன்வர் பாய் சொன்னபோது எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருடமாக இந்த வீட்டில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம், இதைச் சொல்லித்தரச் சென்னையிலிருந்து ஓர் ஆள் வர வேண்டுமா. சிரிப்பை அடக்கிக்கொண்டாள். முந்தானை ஓரத்தில் ஒரு சின்ன மைக்கைக் குத்தியிருந்தார்கள், மிளகளவுதான் இருக்கும், அது சிரிப்பையும் எடுத்துக்கொள்ளும், எடுத்து எதற்குப் பக்கத்தில் கொண்டு வைக்கும், புகார் சொன்ன பிள்ளையின் அம்மா போன வாரம் இந்தப் படக்காரர்களிடம் அழுத அழுகைக்குப் பக்கத்தில் வைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், வாத்தியார் பொண்டாட்டி சிரிக்கிறாள் பார் என்பார்கள், என்னவும் சொல்லிவிட்டுப் போகட்டும். “எதுக்கு பாய், சும்மா இருக்கிறதைப் போய் எதுக்குப் பிடிக்கணும்?” என்று கேட்டாள். அன்வர் பாய் காதில் மாட்டியிருந்ததை ஒரு பக்கம் விலக்கினார். ஐம்பது வயசுக்காரர், கனத்த உடம்பு, வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு சத்தம் உண்டு மேடம். யாரும் பேசாதப்பவும் ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கும். அதைத் தனியா எடுத்து வச்சுக்குவோம். நீங்க பேசுறதுல எங்கயாவது வெட்டினோம்னா அந்த இடத்துல இதை வச்சு ஒட்டணும். இல்லேன்னா ஓட்டை தெரிஞ்சிடும்.” “அப்ப பொய்க்கு ஒட்டுப் போடுத துணின்னு சொல்லுங்க.” “உண்மைக்கும் கிழிசல் இருக்கே மேடம்” என்றார் அவர். கேமராவுக்குப் பின்னால் நின்ற தாரிணி சிரித்தாள். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் எட்வின் சிரிக்கவில்லை. அவன் வக்கீல். தேவைப்பட்டால் மட்டும் சிரிப்பான்.

மின்விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்தியாயிற்று. ஜன்னலைச் சாத்தியாயிற்று. பாளையங்கோட்டை வெயில் மட்டும் கண்ணாடி வழியாக உள்ளே வந்து பெடல் ஹார்மோனியத்தின் மூடிமேல் படுத்திருந்தது. அவள் உட்கார்ந்திருப்பது பாட்டு படிக்க வருகிற பிள்ளைகள் உட்காரும் ஸ்டூலில். முப்பத்தொன்பது வருடத்தில் இந்த ஸ்டூலில் அவள் உட்கார்ந்ததே இல்லை, துடைத்திருக்கிறாள், நகர்த்தியிருக்கிறாள், ஒருதரம் கால் ஆடியபோது ஆணி அடித்திருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. தாரிணிதான் இங்கே உட்காருங்கள் அம்மா, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றாள். வெளிச்சத்துக்காகத்தானா, இல்லை வேறு கணக்கா, சின்னப் பெண் மாதிரி தெரிந்தாலும் முப்பத்தைந்து வயசு, படம் எடுக்கிறவள், எங்கே யாரை உட்கார வைத்தால் என்ன வரும் என்று தெரியாமலா இருக்கும். குற்றம் சாட்டப்பட்ட ஒரு மனிதனின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவள் எடுக்கும் படமாம். எட்வின்தான் ஒப்புக்கொண்டான். இரண்டு பக்கமும் காட்டுவார்கள், கேஸ் விசாரணைக்கு வருகிறதுக்குள் ஊர் வாயைக் கொஞ்சம் அடைக்கலாம் என்றான். அத்தான், அவள் புருஷன், நேற்று கேமரா முன்னால் நான்கு மணி நேரம் பேசினார். சபையின் பாடகர் குழு ஞானதுரை மாஸ்டர், முப்பது வருட ஊழியம், ஒரு கறை கிடையாது, பொறாமை, சதி, அந்தப் பிள்ளை போட்டியில் தோற்ற கோபம். நல்ல குரல் அவருக்கு இன்னும். பேஸ் குரல், பாடகர் குழுவின் அடிக்குரல். அந்தக் குரலில் எதைச் சொன்னாலும் பாதி நம்பத் தோன்றும். அவள் முழுதும் நம்பினாள், முதலில். இன்று அவர் ஹாலில் இருக்க வேண்டும், இந்தப் பக்கம் வரக் கூடாது என்று தாரிணி கேட்டுக்கொண்டிருக்கிறாள். பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. ஒரே பக்கத்தைத்தான் புரட்டிக்கொண்டிருப்பார். “ரெடியா? அமைதி” என்றார் அன்வர் பாய். அவ்வளவுதான், பக்கத்து வீட்டு மிக்ஸி கர்ரென்று எழுந்தது.

எல்லாரும் காத்திருந்தார்கள். தேங்காய், பச்சை மிளகாய், மிக்ஸியின் சுற்றலிலேயே தெரிகிறது, இன்னும் கல் உப்புப் போடவில்லை. போக்சோ கேஸ் என்று பேப்பரில் வந்த அன்றைக்கு அந்த வீட்டுக்காரி கறிவேப்பிலை கேட்டு வருவதை நிறுத்தினாள். இவர்கள் வீட்டு மரத்துக் கறிவேப்பிலை, பதினைந்து வருடம் தின்றாள், திடீரென்று அது கசந்துவிட்டது. சபையில் மூன்றாவது பெஞ்சில் எப்சிபாவுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள், ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம் அவ்வளவு இடம். விட்டாளா எப்சிபா? ஒரு ஞாயிறு தவறாமல் போனாள், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கழுத்து நிமிர்ந்து, அதே மூன்றாவது பெஞ்ச். பாட்டு எழும்பியபோது ஆல்ட்டோ பகுதியை, பெண்களின் கீழ்க்குரலை, தனியாளாக, வழக்கத்தைவிட உரக்கப் பாடினாள். நீங்கள் நகர்ந்தால் நகருங்கள், என் சுருதி நகராது. அன்று வீட்டுக்கு வரும்போது தன்னைப் பற்றி ஒரு பெருமை இருந்தது, எதிர்த்து நிற்கத் தெரிந்தவள் என்று. அது யாருக்காக நின்ற நிற்பு, எந்தப் பக்கம் பார்த்து நின்றாள், அதை இப்போது யோசிக்க வேண்டாம், மைக் கேட்டுவிடும். யோசனையை மைக் எடுக்காது, தெரியும், இருந்தாலும். அவள் சொல்ல வேண்டியது இரண்டு வரிதான். எட்வின் எழுதிக்கூடக் கொடுக்கவில்லை, அவ்வளவு எளிது. கதவு எப்பவும் தொறந்துதான் கெடக்கும். நான் போகவும் வரவுமா இருப்பேன். போலீஸில் அதைத்தான் சொன்னாள். இன்றைக்குக் கேமராவிடம் சொல்ல வேண்டும், அடுத்த மாதம் கோர்ட்டில் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், அவர் பக்கத்து முதல் சாட்சி அவள்தான். பஹ்ரைனிலிருந்து மகன் நேற்று வாய்ஸ் மெசேஜ் போட்டான். “ரெண்டே ரெண்டு வரிம்மா, அப்பாவுக்கு நீங்கதான் இருக்கீங்க.” ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லி ஆரஞ்சு மிட்டாய் வாங்கும் பிள்ளையைப்போல அவள் ஒவ்வொரு இடமாகப் போய் அந்த இரண்டு வரியை ஒப்பித்துவிட்டு வர வேண்டும். புகார் சொன்னது முதலில் ஒரு பிள்ளை, பிறகு இன்னும் இரண்டு. அந்த இரண்டு வீட்டுக்கும் யார் யாரோ போய்ப் பேசினார்கள், அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். இப்போது ஒருத்திதான் மிச்சம். பதினான்கு வயசில் சொன்னவள், இன்றைக்குப் பதினாறு, இன்னமும் சொல்கிறாளாம். எவ்வளவு பிடிவாதம் பாருங்க மதினி என்றான் எட்வின். ஆமாம், பிடிவாதம்தான், என்று அவளும் சொன்னாள். சொல்லும்போது நாக்கில் ஏதோ தட்டியது, அரிசியில் கல் தட்டுவதுபோல.

மிக்ஸி நின்றது. “இன்னொரு தடவை” என்றார் அன்வர் பாய். அமைதி. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் எண்ணத் தொடங்கினாள், அது ஆல்ட்டோக்காரிகளின் வியாதி. மேல்குரல் பாடும் சோப்ரானோவுக்கு எப்போதும் வேலை இருக்கும், ஆல்ட்டோவுக்குத்தான் எட்டு பார், அதாவது எட்டுத் தாளக்கட்டு ஓய்வு, பதினாறு பார் ஓய்வு, சும்மா நின்று எண்ண வேண்டும், எண்ணிச் சரியான இடத்தில் நுழைய வேண்டும். அதோடு முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சர். பெண்கள் பள்ளியில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள், முகத்தைப் பார்த்தே வீட்டுப்பாடம் செய்யாதவள் யார், காலையில் சாப்பிடாதவள் யார் என்று சொல்லிவிடுவாள், ஸ்டாஃப் ரூமில் எப்சிபா டீச்சர் கண்ணுக்குத் தப்ப முடியாது என்று பேர். அந்தக் கண் இந்த வீட்டுக்கு வந்ததும் எங்கே போயிற்று, செருப்போடு வெளியே கழற்றி வைத்தாளோ. ஹாலில் அத்தான் இருமினார். சின்ன இருமல் இல்லை. தொண்டையின் அடியிலிருந்து, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுவது போன்ற இருமல். அன்வர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். “சார்கிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன்” என்றாள் தாரிணி. எட்வின் கதவைப் பாதி திறந்து, “அண்ணே, ஒரு நிமிசம் அடக்கிக்கிடுங்க” என்றான். “என் வீட்டுல நான் இருமவும் கூடாதா?” என்று குரல் வந்தது. “இருமுங்க அண்ணே, ஒரு நிமிசம் கழிச்சு இருமுங்க.” எட்வின் திரும்ப உட்கார்ந்தபோது நாற்காலி கிறீச்சிட்டது, அசைந்தால் மறுபடியும் கிறீச்சிட்டது, அவன் அசையாமல் இருக்கிற ஆளும் இல்லை. “சார், நீங்களும் ஒரு நிமிஷம் வெளியே நின்னுக்கிறீங்களா, தப்பா நினைக்காதீங்க, உங்க நாற்காலி ரொம்பப் பேசுது” என்றார் அன்வர் பாய். “கேள்வி கேக்கும்போது நான் உள்ள இருப்பேன், அதுதான் பேச்சு” என்று சொல்லிக்கொண்டே எட்வின் எழுந்தான். அவள் தோளைத் தொடாமல், தொடுவதுபோலக் குனிந்து, “மதினி, ரெண்டு வரி. அழுகை வந்தா அழுங்க, தப்பில்ல” என்றான். அழுகையா. அவனுக்காகத் தயார் செய்து வைத்திருக்கிறேனாக்கும், பாட்டிலில் ஊற்றி. அவன் வெளியே போய்க் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் க்ளுக் என்று உட்கார்ந்தது. “மூணாவது தடவை, பெருமாளே, அல்லாவே, ஏசுவே” என்று முணுமுணுத்தார் அன்வர் பாய். பிறகு உண்மையிலேயே அமைதி வந்தது.

அப்படியொரு அமைதி இந்த அறைக்கு உண்டு என்று அவளுக்குத் தெரியும், வெளியிலிருந்து தெரியும். உள்ளேயிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. சுவருக்குள்ளே தண்ணீர்க் குழாய் எங்கோ சொட்டுகிறது. ஹார்மோனியத்தின் உள்ளே மரம் வெயிலில் லேசாக நெட்டி முறிக்கிறது. ஒரு அறை தன்னந்தனியாக மூச்சு விடுகிறது, அதற்கு யாரும் வேண்டாம், யார் இருந்தாலும் அது எழுந்து வந்து கதவைத் திறக்கப் போவதில்லை. கல்யாணமான முதல் வருடம் ஒருநாள், உள்ளே பத்துப் பேர் பாடிக்கொண்டிருக்கக் காப்பித் தட்டோடு நேராக நுழைந்துவிட்டாள். ஸ்வரம் கலைந்தது. அவர் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தி எல்லார் முன்னாலும், “எப்சி, பாட்டுக்குள்ள நுழையும்போது ஒரு சத்தம் காட்டிட்டு வரணும், மாட்டுத் தொழுவமா இது” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். இருபத்திரண்டு வயசு அவளுக்கு, எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு, தட்டோடு அப்படியே திரும்பி வெளியே போனாள். அன்றைக்கே ஒரு வழி கண்டுபிடித்தாள், கதவுக்கு வெளியே நின்று டம்ளர் விளிம்பில் கரண்டியால் மூன்று தட்டு, டிங் டிங் டிங், பிறகு மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத் திறப்பது. அவருக்கு அது பிடித்துப்போயிற்று. பெண்கள் சங்கத்தில்கூடப் பெருமையாகச் சொல்லுவார், எங்க வீட்டம்மா மணியடிச்சுட்டுத்தான் வருவா என்று. பாட்டுக்கு மரியாதை. சரி, பாட்டுக்கு மரியாதை. ஆனால் பாட்டே இல்லாதபோது யாருக்கு மரியாதை? ஹார்மோனியம் ஓய்ந்து கிடக்கும்போது யாருக்கு மணி? பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருகிறவர்கள் முதல் நாளே போன் பண்ணிவிட்டு வருவார்கள், அன்றைக்குக் கரும்பலகை கறுப்பாக இருக்கும், பிள்ளைகளுக்கு முட்டை இருக்கும், என்ன வெட்கங்கெட்ட ஆய்வு இது என்று அவள் ஸ்டாஃப் ரூமில் எத்தனை தடவை பொரிந்து தள்ளியிருக்கிறாள். மூன்று தட்டு, ஐந்து எண்ணிக்கை. அவளும் போன் பண்ணிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

அது வெள்ளிக்கிழமை. நினைக்காதே. நினைத்தால் என்ன, நினைப்பது சாட்சி ஆகாது. வெள்ளிக்கிழமை, சபைப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, அந்தப் பிள்ளைக்குத் தனிப்பாட்டு, பள்ளிக்கூடப் பச்சை யூனிஃபார்மோடே வந்திருந்தாள். தட்டில் அவருக்குக் கருப்பட்டிக் காப்பி, பிள்ளைக்குப் பால். கதவு சாத்தியிருந்தது. ஏ.சி. போட்ட பிறகு எப்போதும் சாத்தித்தான் இருக்கும், கதவு எப்பவும் தொறந்துதான் கெடக்கும், ஆமாம், கெடக்கும். இரண்டாவது வரியில் பாட்டு நின்றது. திருத்துகிறார் என்று நினைத்தாள். திருத்தினால் குரல் கேட்க வேண்டும், வாயைத் திற, அடிவயிற்றிலிருந்து எடு, சுருதியைப் பார் என்று அவர் போடும் சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். கேட்கவில்லை. அவள் எண்ணினாள். எட்டு பார். பதினாறு. முப்பத்திரண்டு. எந்தப் பாட்டிலும் அவ்வளவு ஓய்வு கிடையாது. அறுபத்து நான்கு. கை தானாகக் கரண்டியை எடுத்தது, டிங் டிங் டிங். உடனே உள்ளே பெடல் மிதிபட்டது, தட் தட் தட் என்று அவசரமாகக் காற்று நிரப்பும் சத்தம், பிறகு ஹார்மோனியம் மூன்றாவது வரியின் நடுவிலிருந்து, ஒரு சொல்லின் பாதியிலிருந்து தொடங்கியது. யாரும் அங்கே தொடங்க மாட்டார்கள். உலகத்தில் எந்த வாத்தியாரும் எந்தப் பாட்டையும் ஒரு சொல்லின் பாதியிலிருந்து சொல்லிக்கொடுக்க மாட்டார். முதல் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அவளுக்கு அந்த நொடியே தெரிந்தது. “பாடு” என்றார். பாட்டு வரவில்லை. ஹார்மோனியம் மட்டும் தனியாகப் போயிற்று. அவள் ஐந்து எண்ணினாள், அன்றைக்கும் எண்ணினாள், அதுதான், ஐந்தை விடவில்லை, பிறகு திறந்தாள். அவர் ஹார்மோனியத்தில். பிள்ளை ஸ்டூலில், தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு. எப்சிபா என்ன சொன்னாள்? பாலைக் குடி, ஆடை படிஞ்சிரும் என்றாள். பிள்ளை குடிக்கவில்லை. வீணாக்குத பாரு என்று கடிந்துகொண்டு டம்ளரை எடுத்துப்போனாள். அடுத்த வாரம் பிள்ளையின் அம்மா வந்து தயங்கித் தயங்கி நின்றாள், வர மாட்டேங்குதா டீச்சர், காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்குதா என்று. “சாரீரம் உள்ள பிள்ளை, நிறுத்திராதீங்க. முப்பத்திரண்டு வருசம் பிள்ளைகளைப் பாத்தவ நான், சோம்பல்தான், ரெண்டு அதட்டு அதட்டி அனுப்புங்க” என்று சொல்லியனுப்பியது எப்சிபா. அந்தத் தாய் நம்பினாள். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும். அனுப்பினாள். அதற்கப்புறமும் மூன்று மாதம்.

நான் எதையும் பார்க்கவில்லை. இது உண்மை. இதைக் கையில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருடம் தூங்கியிருக்கிறாள், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், உரக்கப் பாடியிருக்கிறாள். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா. கேட்டதைச் சொல்லலாமே என்று ஒன்று உள்ளே கேட்கும், என்ன கேட்டாய், ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்காததைத்தான் கேட்டேன், அதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல. வழக்கமாக யோசனை இந்த இடத்துக்கு வந்து நின்று திரும்பிவிடும், முட்டுச்சந்துக்குள் வந்த வண்டியைப்போலப் பின்னாலேயே போய்விடும். இப்போதும் திரும்பப் பார்த்தது. கழுத்தில் வேர்வை இறங்கியது. துடைக்கக் கூடாது, அசையக் கூடாது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கேமராவைப் பார்க்கப் பிடிக்கவில்லை, ஹார்மோனியத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, தரையைப் பார்த்தாள். கதவின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடைவெளி, வெளியே நடைவழியின் வெளிச்சம் அதன் வழியாக ஒரு வெள்ளைக் கோடாகத் தரையில் விழுந்திருந்தது. அந்தக் கோட்டில் இரண்டு கறுப்புத் துண்டுகள். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். ஒரு துண்டு மெலிந்தது, மற்றது தடித்தது. பிறகு மாறியது. எட்வின். எட்வினின் பாதங்கள். வலது காலிலிருந்து இடது காலுக்கு எடையை மாற்றுகிறான், பொறுமையில்லை, காதைக் கதவோரம் வைத்துக் கேட்கிறான், இப்போது ஒரு கால் சற்று முன்னே வந்தது, திறக்கலாமா என்று யோசிக்கிறான், வேண்டாம் என்று பின்வாங்குகிறது. ஒரு ஆளின் மனசில் ஓடுவதெல்லாம் அந்த இரண்டு துண்டு நிழலில் எழுதியிருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்தால் படிக்கலாம். இந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் மட்டும் படிக்கலாம்.

குனிந்த தலை. நாணம் என்று நினைத்தாள் அன்றைக்கு, திட்டு வாங்கியிருப்பாள், சிணுங்கல் என்று நினைத்தாள். தரையில் என்ன இருக்கிறது என்று ஒரு பிள்ளை அப்படிக் கண் எடுக்காமல் பார்க்கும்? எப்சிபாவின் கால்கள் இருந்தன. அறுபத்து நான்கு பாரும் இருந்தன. அவள் வந்து நின்றதும், நின்றுகொண்டே இருந்ததும், வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறியதும், ஒரு அடி முன்னால் வந்து பின்னால் போனதும், எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை இங்கிருந்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வந்துட்டாங்க. டீச்சர் நிக்கிறாங்க. டீச்சர் இப்பத் தொறப்பாங்க. இப்ப. இப்ப. கதவு திறந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்த பார்வை எப்சிபாவுக்கு நினைவிருக்கிறது, அது பயமும் இல்லை, ஆறுதலும் இல்லை, நேரம் தப்பி வந்து நிற்கும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. என்ன திமிர் இந்த வயசில் என்று அன்று தோன்றியது. பிடிவாதம், திமிர், சோம்பல். எத்தனை பேர் வைத்தாள் அந்தப் பிள்ளைக்கு. போலீஸிடம் அவள் என்னென்ன சொன்னாளோ, இதை மட்டும் சொல்லவில்லை. குற்றப்பத்திரிகையின் ஒவ்வொரு வரியையும் எட்வின் வாசித்துக் காட்டினானே, டீச்சர் வெளியே நின்றார்கள் என்று ஒரு வரி அதில் இல்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் யார் நம்புவார்கள் என்றா? இல்லை, டீச்சருக்கு ஆகிவிடும் என்றா? இரக்கமா? பதினான்கு வயசுப் பிள்ளையின் இரக்கத்திலா நான் இரண்டு வருடமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், அந்த மூன்றாவது பெஞ்சில்? ஒன்று கிளம்பி வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். அழுகை இல்லை. அது கோபம், சுத்தமான, ஒரு கலப்பும் இல்லாத கோபம், இருபத்திரண்டு வயசில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்திருக்க வேண்டியது. அப்போது வராததை இப்போது விடப் போவதில்லை.

“கிடைச்சிடுச்சு” என்றார் அன்வர் பாய். “அருமையான ரூம் டோன். தேங்க்ஸ் மேடம், சிலை மாதிரி இருந்தீங்க.” தாரிணி கேமராவுக்குப் பின்னால் குனிந்தாள். “அவரைக் கூப்பிட்டுடட்டுமா அம்மா? கேள்விக்கு உள்ளே இருக்கணும்னாரே.” “கேள்வியைக் கேளு” என்றாள் எப்சிபா. “அவன் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்.” தாரிணி கேமராவை ஓடவிட்டாள். பிறகு, “இந்த ரூமைப் பத்திச் சொல்லுங்க. கிளாஸ் நடக்கும்போது கதவு எப்படி இருக்கும்?” என்றாள்.

“சாத்தியிருக்கும்.”

கதவு படாரென்று திறந்தது. “மதினி, என்ன சொல்லுதிய? ஏ அம்மா, கேமராவ நிப்பாட்டு, அவங்களுக்குக் குழம்பிப்போச்சு, பிரஷர் இருக்கு அவங்களுக்கு.” எட்வினின் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. எப்சிபா ஸ்டூலில் அசையாமல் இருந்தாள். “பிரஷர் நேத்துதான் பாத்தேன், நூத்துமுப்பது. எட்வின், இது எனக்குக் கேட்ட கேள்வி. உனக்குக் கேட்டா நீ சொல்லு.” “போலீஸ்ல ஒண்ணு சொல்லிட்டு இங்க ஒண்ணு சொன்னா உங்களையே தூக்கி உள்ள வைப்பான், தெரியுமா?” “வைக்கட்டும். ஜெயில் இந்தா இருக்கு, நடந்தே போயிருவேன், ஆட்டோக்கூட வேண்டாம்.” அன்வர் பாய் தலையைக் குனிந்துகொண்டார். எட்வின் குரலை இறக்கினான், கோர்ட்டில் நீதிபதியிடம் பேசும் குரல். “மதினி. ஒரு நிமிசம் அண்ணனை நினைச்சுப் பாத்தியளா?” “முப்பத்தொன்பது வருசமா வேற யாரை நினைச்சேன்? நீயே சொல்லு. ஒரு பேரு சொல்லு.” அவன் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டான். அவனை அப்படி அவள் பார்த்ததே இல்லை, பாவமாகக்கூட இருந்தது. ஹாலில் பேப்பர் சத்தம் நின்றுபோயிருந்தது. இருமலும் இல்லை.

தாரிணி மெதுவாகப் பேசினாள். “அம்மா, இது பெரிய விஷயம். நீங்க யோசிச்சுச் சொல்லலாம், இன்னொரு நாள்கூட வரேன். சொல்றதா இருந்தா முகத்தை மங்கலாக்கிடுறேன், பேரை மாத்திடுறேன், குரலைக்கூட மாத்தலாம். அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு அப்படித்தான் பண்ணியிருக்கோம்.” எப்சிபா அதை யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள், ஏனென்றால் அது எவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரிந்தது, வெயிலில் நடந்து வந்து மரநிழலில் ஒதுங்குவது மாதிரி. ஊரில் யாருக்கும் தெரியாது, மகனுக்குச் சந்தேகம் மட்டும்தான் இருக்கும், மனசும் லேசாகிவிடும். சொன்னதும் ஆகும், சொல்லாததும் ஆகும். “வேண்டாம்” என்றாள். “மறைச்ச முகமெல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும் தாரிணி. அந்த வீட்டு முகத்துக்கும் என் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாமப் போயிரும். அவங்களுக்கு மறைக்கணும், அதுதான் சட்டம், அதுதான் நியாயம். எனக்கு மறைக்கக் கூடாது. இந்த மூஞ்சிதான்னு எல்லாரும் பாக்கணும்.” கேமராவின் கறுப்புக் கண்ணை முதன்முறையாக நேராகப் பார்த்தாள். உள்ளே சின்னதாக ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள், கழுத்து நிமிர்ந்து. பள்ளியில் புது வகுப்புக்குள் நுழைந்தால் பின்பெஞ்ச் வரை கேட்கும்படி முதல் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், அங்கே குரல் தடுமாறினால் வருடம் முழுக்கத் தடுமாறும்.

“என் பேரு எப்சிபா. கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ. அறுபத்தொரு வயசு. ஞானதுரை மாஸ்டரோட வீட்டுக்காரி” என்றாள். எட்வின் கதவு நிலையில் கையூன்றி நின்றான், தடுக்கவும் இல்லை, போகவும் இல்லை. “ஆகஸ்ட் இருபத்தஞ்சு, வெள்ளிக்கிழமை, சாயந்தரம் அஞ்சு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கும். பாட்டு நின்னுபோச்சு. ரொம்ப நேரம் நின்னுபோச்சு. உள்ள அந்தப் பிள்ளை இருந்தா. அவர் இருந்தார்.” ஹாலில் நாற்காலி நகர்ந்தது. முப்பத்தொன்பது வருடப் பழக்கத்தில் கால் எழுந்துகொள்ளப் பார்த்தது, அவள் எழுந்துகொள்ளவில்லை. “எப்சி” என்று அந்தப் பெரிய குரல் கூப்பிட்டது, “எப்சி, இங்க வா.” அவள் அந்தக் குரல் அடங்குவதற்காகக் காத்திருக்கவில்லை. அதன் மேலேயே, அது முடியுமுன்பே தொடங்கினாள்.

“நான் வெளியே நின்னேன்” என்றாள், உரக்க, ஹாலில் இருப்பவருக்கும் நன்றாகக் கேட்கும்படி. “கதவுக்கு வெளியே நின்னேன். எனக்குத் தெரிஞ்சிது. தெரிஞ்சும் நின்னேன்.”